விடிலி மாமா நினைவாக ஒரு புகையில்லா அடுப்பு: உங்கள் பங்கும் வேண்டும்

ஊரில் இருப்பவர்களுக்கும், சென்னை, மும்பை என்று கடை வைத்துப் பிழைக்கப் போன நம்மூர்க்காரர்களுக்கும் வணக்கம்.

போன ஐப்பசியில் தவறிப்போன நம் விடிலி மாமாவுக்கு என்ன செய்யலாம் என்று மூன்று கூட்டம் போட்டுவிட்டோம். (விடிலி என்றால் பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி செய்கிற குடிசை.) ஊர் முகப்பில் அவர் படம் போட்ட வளைவு வைக்கலாம் என்றார்கள் பாதிப் பேர். அத்தையிடம் கேட்கப் போனால், "வளைவுக்கு அடியில யாரு போயி நிக்கப் போறா? விடிலிக்கு ஒரு புகைபோக்கி வச்சுத் தாறேன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக, முடியல" என்றார். அதோடு வளைவுப் பேச்சு முடிந்தது.

வெளியூரில் வளர்ந்த பிள்ளைகளுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 16 வயதில் பனையேறத் தளைநாரைக் காலில் மாட்டியவர் மாமா. பங்குனியில் தொடங்கி ஆடி வரைக்கும் தினமும் 35 பனை, அதுவும் காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, இடுப்பில் அருவாப்பெட்டி, கையில் முருக்குத்தடி. மற்ற மாதங்களில் செம்மணல் தேரிப்பக்கம் முருங்கைத் தோட்டத்தில் கூலி வேலை. ஒரு வருஷம் மரத்திலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து 8 மாதம் படுத்துக் கிடந்தார். அப்போது மூத்த பெண் பத்தாம் வகுப்பு, படிப்பை நிறுத்திவிடலாமே என்று சொன்ன சொந்தக்காரருக்கு அவர் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. அந்தப் பெண் இப்போது நர்ஸ். தங்கைகள் இரண்டு பேரும் படித்து வேலைக்குப் போய்விட்டார்கள்.

மரத்தில் மாமா பட்ட பாட்டை ஊரே பார்த்தது, விடிலிக்குள் அத்தை பட்டதை அவ்வளவு பேர் பார்த்திருக்க மாட்டோம். கலயத்தில் சுண்ணாம்பு தடவியிருந்தாலும் பதநீர் காத்திருக்காது, அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். ஒரு கிலோ கருப்பட்டிக்கு 8, 10 லிட்டர் பதநீர் வேண்டும் என்றால் எத்தனை நேரம் அடுப்பு எரிய வேண்டும், நீங்களே கணக்குப் போடுங்கள். காய்ந்த ஓலையும் உடைமுள்ளும் எரிகிற புகையில், குனிந்துதான் நுழைய முடிகிற கூரைக்குள் 40 வருஷம். அப்படியும் ஒரு பிடி சீனி கலந்தது கிடையாது. கலந்திருந்தால் வீட்டை எப்போதோ மெத்தை வீடாக்கியிருப்பார்கள்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் நமக்கெல்லாம் பெருமைதான். கலெக்டர் அனுமதியில்லாமல் பனையை வெட்டக் கூடாது என்றும் 2021-இல் அரசு அறிவித்தது. சரி, மரம் நிற்கும், ஏற ஆள் வேண்டாமா? நம் ஊரில் இன்னும் ஏறுவது நாலே குடும்பம். அந்த நாலு வீட்டுப் பெண்களும் அத்தை மாதிரியே கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் காய்ச்சுகிறார்கள்.

அதனால் மாமாவின் பழைய விடிலி இருந்த இடத்திலேயே, நாலு குடும்பமும் முறை வைத்துக் காய்ச்ச ஒரு பொது விடிலி கட்டுகிறோம். இடத்தை அத்தை கொடுத்துவிட்டார். உயரமான தகரக் கூரை, சிமெண்டுத் தரை, புகைபோக்கி வைத்த இரட்டை அடுப்பு, பதநீர் காய்ச்சப் பெரிய தாச்சி இரண்டு. கொத்தனார் போட்டுக் கொடுத்த கணக்கு 2,80,000 ரூபாய். உள்ளூரில் இதுவரை 95,000 சேர்ந்திருக்கிறது.

இது குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுகிற தலைக்கட்டு வரி இல்லை, யார் வீட்டு வாசலிலும் வந்து நிற்க மாட்டோம். 100 ரூபாய் என்றாலும் நோட்டில் ஏறும். கோயில் கொடை வசூலில் கணக்குக் காட்டவில்லை என்று முன்பு நடந்த சண்டை எங்களுக்கும் மறக்கவில்லை, அதனால் சிமெண்டு மூட்டை வாங்கினாலும் பில்லைப் படமெடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவோம். வங்கிக் கணக்கு எண்ணும் அங்கேதான் இருக்கிறது. பணம் முடியாதவர்கள் இரண்டு நாள் மண் சுமக்க வரலாம், சாப்பாடு எங்கள் பொறுப்பு.

மாசிக்குள் கூரை ஏறிவிட வேண்டும், பங்குனியில் பதநீர் இறங்கத் தொடங்கிவிடும். முதல் தாச்சியை அத்தையே இறக்கி ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறார், கருப்பட்டி வார்க்கச் சிரட்டை மட்டும் நாம் கொண்டுவர வேண்டுமாம்.

இப்படிக்கு,
விடிலி கட்டும் கமிட்டியினர்