பொருள்: M6 மரை ரிப்பேர் கிட்டுல தப்பான டிரில் பிட், கஸ்டமர் வண்டியோட கிராங்க்கேஸ் பாழாப் போன விஷயம்

கஸ்டமர் கேர் மேனேஜர் சார்,

நான் கோயம்புத்தூர்ல டூவீலர் பட்டறை வச்சிருக்கேன். உங்க கம்பெனியோட M6 x 1 (6 மில்லி போல்ட், மரைக்கு மரை 1 மில்லி இடைவெளி) மரை ரிப்பேர் கிட்டை ஆன்லைன்ல வாங்கினேன், பில்லும் போட்டோவும் இதோட வச்சிருக்கேன். ஏற்கனவே உங்க ஆளுங்க கிட்ட போன்ல பேசியாச்சு, அவங்க சொன்ன பதில் எனக்கு சரியா படல, அதான் இப்ப எழுத்துல தர்றேன்.

கிளட்ச் கவர் போல்ட் ஒண்ணு கிராங்க்கேஸ்ல (இஞ்சினோட அலுமினியக் கூடு) மரை போயி வந்த வண்டி. அலுமினியத்துல இது சகஜம்தான், கவரை அடிக்கடி கழட்டி மாட்டி, ஒவ்வொரு தடவையும் டார்க் ரெஞ்ச் (செட் பண்ண அளவுக்கு டைட் ஆனதும் கிளிக் ஆகற ஸ்பேனர்) இல்லாம இழுத்து இழுத்து டைட் வச்சா மிருதுவான உலோகம் எவ்வளவு நாள் தாங்கும். இதுக்குத்தானே சார் ஸ்டீல் ஒயர் இன்சர்ட் (ஓட்டைக்குள்ள புது மரையா உக்கார்ற கம்பிச் சுருள்) போடறோம், பட்டறைல எல்லாரும் ஹெலிகாயில்னு சொல்றது, ஒழுங்கா போட்டா பழைய மரையை விட ஸ்ட்ராங்கா நிக்கும். உங்க கிட்டுல இருந்த பிட்டால டிரில் போட்டு, உங்க டேப்பால மரை வெட்டி, சீவலை காத்தடிச்சு சுத்தம் பண்ணி, இன்சர்ட்டை மேல்மட்டத்துக்கு அரை சுத்து கீழ இறக்கி விட்டோம். கவர் மாட்டி டார்க் ரெஞ்ச்ல 10 நியூட்டன் மீட்டர் வச்சா, ரெஞ்ச் கிளிக் ஆகறதுக்கு முன்னாடியே போல்ட் சும்மா சுத்துது, வெளிய எடுத்தா இன்சர்ட்டும் போல்ட்டோட சேர்ந்து வருது, அதோட வெளிப்பக்கம் பூரா அலுமினியத் தூள்.

அப்பறம் உங்க பிட்டை மைக்ரோமீட்டர்ல வச்சுப் பாத்தேன், 6.8 மில்லி. உங்க அட்டைல போட்டிருக்கறது 6.3. பிட்டோட ஷாங்க்ல (மெஷின் பிடிக்கற தண்டுல) சைஸ் நம்பரே இல்ல. 6.8ங்கறது சாதா M8 டேப்புக்கு போடற டிரில், பேக்கிங்ல மாறி வந்திருக்கும்னு நினைக்கறேன். M6 இன்சர்ட் டேப் வெளிப்பக்கம் சுமார் 7.3 வரைக்கும் வெட்டும், 6.3ல ஓட்டை போட்டா ஒரு பக்கத்துக்கு அரை மில்லி மரை கிடைக்கும், 6.8ல போட்டா கால் மில்லிதான், பாதி மரைய வச்சுகிட்டு இன்சர்ட் எப்படி சார் நிக்கும்?

உங்க போன் ஆளு டிரில்லை ஆட்டி ஓட்டையை பெருசாக்கிட்டீங்கன்னு சொன்னாரு. ஒரு அலுமினிய பிளேட்ல, டிரில்லிங் மெஷின்ல கிளாம்ப் போட்டு, கடைல தனியா வாங்கின 6.3 பிட்டுல ஓட்டை போட்டு உங்க டேப்பையும் உங்க இன்சர்ட்டையுமே போட்டு பாத்தோம். போல்ட் அறுந்து போற வரைக்கும் டைட் வச்சும் இன்சர்ட் அசையல. டேப்பு, இன்சர்ட் ரெண்டும் நல்ல சரக்கு, அதை நான் குறை சொல்லவே இல்ல. வாங்கறவங்க அளந்து பாத்துட்டு யூஸ் பண்ணணும்னும் சொன்னாரு, டிரில்லும் டேப்பும் இன்சர்ட்டும் ஒண்ணுக்கொண்ணு பொருந்தும்ங்கற நம்பிக்கைக்குத்தானே கிட்டுக்கு அவ்வளவு காசு குடுக்கறோம், இல்லன்னா தனித்தனியா வாங்கிக்க மாட்டமா.

எனக்கு நிஜமா ஆத்தாமையா இருக்கறது கிட்டு காசு இல்ல சார். கிராங்க்கேஸ்ல போல்ட் ஏறற இடத்துல சுத்தி இருக்கற உலோகம் ரொம்ப கம்மி, ஒரு தடவைதான் சான்ஸ். பெருசான ஓட்டைக்கு கனமான புஷ் இன்சர்ட் (கம்பிச் சுருளுக்குப் பதிலா கெட்டியான குழாய் மாதிரி இருக்கறது) போடலாம்னு பாத்தா சுவர் தாங்காது. இப்ப இஞ்சினை முழுசா பிரிச்சு ஆர்கன் வெல்டிங்ல அடைச்சு மறுபடி ஓட்டை போடணும், ஆயில் ஊறின காஸ்டிங்ல வெல்டிங் பண்ணா பொரபொரன்னு குமிழி விடும், சூட்டுல கேஸ்கெட் உக்கார்ற முகமும் வளைஞ்சுடுமோன்னு பயம் வேற. என்னை நம்பி வண்டிய விட்டுட்டுப் போனவரு தினம் வேலைக்கு பஸ்ல போறாரு.

அதனால கிட்டோட காசை திருப்பித் தரணும், வெல்டிங், லேத் செலவோட பில் அனுப்பறேன் அதையும் நீங்கதான் ஏத்துக்கணும். அதை விட முக்கியம், இந்த பேட்ச்ல வித்த M6 கிட்டு எல்லாத்தையும் செக் பண்ணி வாங்கினவங்களுக்கு உடனே தகவல் சொல்லுங்க, யாராவது சிலிண்டர் ஹெட்ல இதே பிட்டை இறக்கிட்டா நஷ்டம் இன்னும் பெருசு. பிட்டு மேல சைஸ் பொறிங்க, உள்ள வைக்கற பேப்பர்ல டிரில் சைஸையும் இன்சர்ட் நீளத்தையும் தமிழ்லயும் போடுங்க, பட்டறைல வேலை செய்யற பசங்க படிக்கணும்ல.

பதினஞ்சு நாள் பாப்பேன். எழுத்துல பதில் வரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ல கம்ப்ளைன்ட் பதிஞ்சுட்டு, 2019 நுகர்வோர் பாதுகாப்பு சட்டத்துல மாவட்ட ஆணையத்துக்குப் போவேன். பிட்டும், பிடுங்கிட்டு வந்த இன்சர்ட்டும், டெஸ்ட் பண்ண பிளேட்டும் என்கிட்ட பத்திரமா இருக்கு, உங்க ஆளை அனுப்பினா நேர்லயே அளந்து காட்டறேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர், கோயம்புத்தூர்