பயனடைந்தோர் கணக்கில் என் அத்தானும் இருக்கிறார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் பகுதியில் மூன்றாண்டுகள் நடந்த இதயநோய்த் தடுப்புத் திட்டம் வெற்றி பெற்றதாக, நிறைவு விழாச் செய்தியில் படித்தேன். முகாம்கள், துண்டறிக்கைகள், பயனடைந்தோர் என எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழே வந்தது, எத்தனை பேர் பீடியை விட்டார்கள் என்ற கணக்கைக் காணவில்லை.

என் அத்தான் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. முதல் முகாமில் அவருக்கு 170/104 என்று மஞ்சள் அட்டையில் எழுதிக் கொடுத்தார்கள். அதற்குக் கீழே இருந்த பதினொரு கட்டங்களும் காலி. முகாம் எப்போதும் காலை பத்து மணிக்கு. விடியுமுன் வெட்டப் போகிறவர் பாலெடுத்து, உறையவைத்து, ஷீட் அடித்து வீடு திரும்ப மதியம் தாண்டிவிடும். ஏன் வரவில்லை என்று கேட்டு ஒருவரும் வீட்டுப் படி ஏறவில்லை. போன ஆவணியில் மாரடைப்பில் போய்விட்டார். முதல் முகாமுக்கு வந்த அத்தனை பேரையும் பயனடைந்தோராக எண்ணியிருக்கிறார்கள். அதில் அவரும் ஒருவர்.

தொடர்ந்து வந்தவர்களின் சராசரி அழுத்தம் குறைந்திருக்கிறதாம். நான் முப்பது ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தியவள்; இந்தச் சராசரியை என்னால் ஏற்க முடியவில்லை. விடாமல் வருகிறவர்கள் உடம்பைப் பேணுகிறவர்கள். முதல் நாள் பதற்றத்தில் ஏறிக் காட்டும் அளவு, மறுமுறை மருந்தில்லாமலே சற்று இறங்கும். வராதவர்களையும் தேடிப்போய் அளந்தால்தான் உண்மை தெரியும்.

ஃபின்லாந்தின் வடக்குக் கரேலியாவில் 1972-ல் இத்தகைய திட்டத்தைத் தொடங்கியவர்கள், திட்டம் நடக்காத பக்கத்து மாகாணமான குவோபியோவையும் சேர்த்தே அளந்தார்கள். முகாமுக்கு வந்தவர்களை அல்ல, மக்கள் பதிவேட்டிலிருந்து குலுக்கி எடுத்தவர்களை.

அவ்வளவு தூரம் போவானேன்? இங்கிருந்து பஸ் ஏறினால் கேரளத்தின் நெய்யாற்றின்கரை. அந்தத் தாலுகாவில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளை எடுத்து, பாதியில் நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தை நடத்தி, மறுபாதியோடு ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து, மது அருந்துவது குறைந்தது, ஆனால் நீரிழிவு வருவது குறிப்பிடும்படி குறையவில்லை என்று மறைக்காமல் வெளியிட்டார்கள். அந்த நேர்மையைத்தான் நம் அதிகாரிகளிடம் கேட்கிறேன்.

உப்பையே எடுத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் என்று துண்டறிக்கை சொல்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் 600 கிராம். கருவாடும் ஊறுகாயும் சேர்ந்தே அதற்குள் அடங்க வேண்டும். மாதம் எத்தனை பாக்கெட் உப்பு வாங்குகிறீர்கள் என்று திட்டத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் கேட்டிருந்தால், அந்தத் துண்டறிக்கை எந்த அளவுக்கு வேலை செய்தது என்று தெரிந்திருக்கும்.

இரண்டாம் கட்டத்துக்குப் பணம் ஒதுக்கப் போவதாகவும் செய்தியில் இருந்தது. அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் வீடு வீடாக வந்து அளக்கட்டும். திட்டம் நடக்காத பக்கத்து ஊராட்சியிலும் அளக்கட்டும். இடையில் இறந்தவர்களின் பெயர்களையும் கேட்டு எழுதட்டும். அத்தானின் மஞ்சள் அட்டை அக்காவிடம் இருக்கிறது. கேட்டால் கொண்டுவந்து காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
களியக்காவிளை