அம்மாச்சி பேரு எதுக்குக் கேட்ட?

பாப்பா,

போன்ல ஆரம்பிச்சா நீ "அப்புறம் கூப்பிடுறேம்மா"ன்னு வச்சிடுவ, அதான் எழுதுறேன். நாலு நாளா டைப் பண்றதும் அழிக்கிறதுமா இருக்கேன். நீளமா இருக்குன்னு பாதியில விட்டுடாத, விட்டு விட்டாவது முழுசா படி.

மூணு ஞாயித்துக்கிழமையா நீ கூப்பிடல. வேலை இருக்கும், தெரியும். அப்பா "அவ என்ன சின்னப் புள்ளையா, விடு"ங்கிறாரு, சொல்லிட்டு அவரே போனை எடுத்து எடுத்துப் பாக்குறாரு. அவருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது, தம்பிக்கு வேலை கன்பர்ம் ஆயிடுச்சு, அதெல்லாம் அவனே உனக்குச் சொல்லியிருப்பான். பூசைக்குப் போறியா? சால்ட் லேக்ல மதலேன் மரியாள் பேர்ல இருக்கிற அந்தக் கத்தீட்ரல் உனக்குப் பக்கம்தானே, ஞாயிறு பூசைய மட்டும் விடாத.

நான் சொல்ல வந்தது வேற. கடைசியா பேசினப்ப அம்மாச்சியோட முழுப்பேரு, பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, அம்மாச்சியோட அம்மா பேரு எல்லாம் கேட்ட. பேமிலி ட்ரீ போடுறேன்னு சொன்ன. தேடிப் பாத்து சொல்றேன்னேன். தேட ஒண்ணும் இல்ல பாப்பா, தாத்தா அந்தப் பழைய பைபிளோட முன்பக்கத்துல எழுதி வச்சது அப்படியே இருக்கு. குடுக்க எனக்கு மனசு வரல, அவ்வளவுதான்.

உன் சிநேகிதி, அந்த மார்மன் சபைப் புள்ளை, அங்க இருக்குதேன்னுதான். தப்பா நெனச்சுக்காத. போன மாசம் நீயும் அவளும் சால்ட் லேக்ல அவங்க சபையோட அந்த ஆறு கோபுரம் வச்ச கோயில் முன்னாடி நின்னு எடுத்த போட்டோவ ஸ்டேட்டஸ்ல போட்டிருந்த. அன்னிக்கு ராத்திரி நான் தூங்கல. உன்கிட்டயும் கேக்கல, அப்பாகிட்டயும் சொல்லல, விடிஞ்சதும் பங்குச் சாமிகிட்ட போய் நின்னேன். அவர்தான் சொன்னாரு, அந்தக் கோயிலுக்குள்ள அவங்க சபைக்காரங்களே தகுதிச் சீட்டு இல்லாம போக முடியாதும்மா, உங்க பொண்ணு வெளிய நின்னுதான் எடுத்திருக்கும்னு. அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு. வந்த பிறகு வெக்கமாவும் இருந்துச்சு. அந்தக் கோயில 1853ல கட்ட ஆரம்பிச்சு 1893லதான் முடிச்சாங்களாம், நாப்பது வருஷம், ஆரம்பிச்ச தலைவர் பிரிகாம் யங் முடிஞ்சத பாக்காமலே செத்துப் போயிருக்காரு. அப்படிக் கட்டின ஒரு இடத்துக்கு முன்னாடி ரெண்டு பொண்ணுங்க சிரிச்சுட்டு நிக்கிறத பாத்து நான் செபமாலைய கையில புடிச்சுட்டு அழுதிருக்கேன்.

ஆனா பாப்பா, வித்தியாசம் இல்லன்னு மட்டும் சொல்லாத. "எல்லாரும் இயேசுவதானம்மா கும்பிடுறோம்"னு நீ சொன்னியே, இருபத்திரண்டு வருஷம் மறைக்கல்வி சொல்லிக்குடுத்தவளால அத அப்படியே விழுங்க முடியல. நாம மூணு ஆள், ஒரே கடவுள்னு சொல்றோம், 325ல நிசேயாவுல ஆயருங்க கூடி எழுதினதுல இருந்து இன்னிக்கு வரைக்கும் ஞாயித்துக்கிழமை எழுந்து நின்னு அதையேதான் சொல்றோம். அவங்களுக்கு பிதா வேற, சுதன் வேற, பரிசுத்த ஆவி வேற, நோக்கம்தான் ஒண்ணு, அதுவும் பிதாவுக்கு நம்ம மாதிரி சதையும் எலும்புமா உடம்பு இருக்குன்னு நம்புறாங்க. அப்போஸ்தலர் காலத்துக்கு அப்புறம் திருச்சபைகிட்ட அதிகாரமே இல்லாம போச்சுங்கிறாங்க. 1820ல நியூயார்க் பக்கம் ஒரு காட்டுக்குள்ள ஜெபம் பண்ணின பதினாலு வயசுப் பையன், ஜோசப் ஸ்மித், அவருக்கு பிதாவும் இயேசுவும் தனித்தனியா காட்சி குடுத்தாங்க, அப்புறம் அவர் வழியா எல்லாம் திரும்பி வந்துச்சு, 1830ல மார்மன் புத்தகமும் வந்துச்சு, சபையும் தொடங்குச்சுன்னு சொல்றாங்க. நாம அந்த அதிகாரம் பேதுருல இருந்து ஒரு நாளும் அறுபடலங்கிறோம். இதுல நடுவுல நிக்க இடமே இல்ல, ஒண்ணு அறுந்திருக்கணும், இல்ல அறுபடாம இருந்திருக்கணும். அந்தப் புள்ளைக்கு இது நல்லாத் தெரியும்னு நெனக்கிறேன், அது ஒரு நாளும் "எல்லாம் ஒண்ணுதான்"னு சொல்லியிருக்காது. நீதான் சமாதானம் பண்றேன்னு சொல்ற.

மார்மன்னு எழுதுறேன்னு கோவிச்சுக்காத. 2018ல அவங்க தலைவரே அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட வேணாம், சபையோட முழுப்பேர சொல்லுங்கன்னு கேட்டுக்கிட்டாருன்னு நீ சொன்னது ஞாபகம் இருக்கு. கை பழகிடுச்சு, மாத்திக்கிறேன்.

ஞானஸ்நான விஷயத்துல நான் உன்கிட்ட சண்டை போட்டேன்ல, அவங்க ஞானஸ்நானம் 2001ல ரோமாபுரியே செல்லாதுன்னு சொல்லிடுச்சுன்னு. அது உண்மைதான். தண்ணியும் இருக்கு, பிதா சுதன் பரிசுத்த ஆவி பேரும் சொல்றாங்க, ஆனா அந்தப் பேருக்கு அவங்க எடுத்துக்கிற அர்த்தம் வேறங்கிறதால செல்லாதுன்னாங்க. அத மட்டும் சொன்ன நான் இன்னொண்ண சொல்லாம விட்டுட்டேன். அவங்களும் நம்ம ஞானஸ்நானத்த ஏத்துக்கிறது இல்ல. குழந்தைக்குக் குடுக்கவே கூடாது, எட்டு வயசுலதான்ங்கிறாங்க, நாம போனா முதல்ல இருந்து முங்கி எடுக்கத்தான் சொல்லுவாங்க. அவங்க வாசலும் சாத்திதான் இருக்கு, நம்ம வாசலும் சாத்திதான் இருக்கு. இந்தச் சாத்தின வாசலுக்கு இந்தப் பக்கம் நீயும் அந்தப் பக்கம் அவளும் உக்காந்து ஆறு வருஷமா சிநேகிதமா இருக்கீங்க. அது எனக்குப் பெருமையா இல்லன்னு சொன்னா பொய்.

நீ காய்ச்சல்ல கிடந்தப்ப பதினோரு நாள் பக்கத்துல இருந்தது அவதான், நானில்ல. மாசத்துல முதல் ஞாயிறு ரெண்டு வேளை சாப்பிடாம இருந்து அந்தக் காச ஏழைங்களுக்குக் குடுத்துடுதுன்னு நீ சொன்ன. நான் தபசு காலத்துல கூட அத ஒழுங்கா செஞ்சதில்ல. பாஸ்கா ராத்திரி பூசைக்கு உன்கூட வந்து கடைசி பெஞ்சில கையக் கட்டிட்டு உக்காந்திருந்துச்சு, நற்கருணைக்கு வரிசை எழுந்தப்ப தள்ளி வழி விட்டுட்டு இருந்த இடத்துலயே இருந்துச்சுன்னு சொன்னியே, அத நான் சாமிகிட்டயும் சொன்னேன். நமக்கு அது இயேசுவோட உடல். அவங்களுக்கு ஞாயித்துக்கிழமை அப்பமும் தண்ணியும் ஒரு உடன்படிக்கையோட நினைவு, திராட்சை இரசம் கூட கிடையாது. நம்பாத ஒண்ண வாங்காம, வாங்குறவங்கள மதிச்சு ஒதுங்கி இருக்கத் தெரியுது பாரு, அந்தப் புள்ளைய யாரோ நல்லா வளத்திருக்காங்க.

சாமி இன்னொரு விஷயம் சொன்னாரு, உனக்குப் பிடிக்கும். 1879ல உன் யூட்டா ஸ்டேட்டோட தெக்குப் பக்கம் செயின்ட் ஜார்ஜ்னு ஊராம். சுரங்கத்துல வேலை செய்ற கத்தோலிக்கருக்காக ஸ்கேன்லன்னு ஒரு அயர்லாந்து சாமியார் அந்தப் பக்கம் இருந்திருக்காரு. பாட்டுப் பூசை வைக்க அவர்கிட்ட இடமும் இல்ல, பாடத் தெரிஞ்ச ஆளும் இல்ல. மார்மன் சபைக்காரங்களே அவங்க கூடத்தக் குடுத்து, அவங்க பாடகர் குழு லத்தீன் பாட்டெல்லாம் படிச்சு வந்து பூசையில பாடியிருக்காங்க. அந்தச் சாமியார்தான் பின்னாடி சால்ட் லேக்குக்கு முதல் ஆயர். 2019ல பாப்பரசர் பிரான்சிஸ் அவங்க தலைவர் நெல்சனை வத்திக்கான்ல வரவேற்றாரு, ரெண்டு சபைத் தலைவருங்களும் சந்திச்சது அதான் முதல் தடவை. கொள்கையில ஒரு வரி கூட ரெண்டு பேரும் மாத்திக்கல.

சரி, அம்மாச்சி பேருக்கு வரேன். அவங்க செத்தவங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்கிறாங்க. உனக்குத் தெரியும், எனக்கு இப்பத்தான் தெரியும். உயிரோட இருக்கிற ஒருத்தர் வெள்ளை உடுத்தி, செத்தவங்க பேருக்குப் பதிலா கோயிலுக்குள்ள தண்ணியில முங்குறாங்க. முதல் கொரிந்தியர் 15ல 29ஆம் வசனத்தக் காட்டுறாங்க. அந்த வசனத்த நான் எத்தனை தடவை படிச்சிருப்பேன், நின்னதே இல்ல. அதுக்காகத்தான் உலகம் பூராவும் பேரு, தேதி, பழைய ரெஜிஸ்தர் எல்லாம் சேக்குறாங்களாம், 2008ல வத்திக்கான் நம்ம மறைமாவட்டங்களுக்கு அந்த ரெஜிஸ்தர குடுக்காதீங்கன்னு சொல்லி விட்டுச்சாம். இதப் படிச்சதும் எனக்கு உடம்பெல்லாம் ஆடிப் போச்சு. அம்மாச்சி, செபமாலை கையில இருக்க கண்ண மூடினவங்க, அவங்க பேர்ல யாரோ போய் முங்குறதான்னு. அதான் பாப்பா நான் பேரு குடுக்கல. நீ அதுக்குக் கேட்டியான்னு நேரா கேக்கவும் பயம். கேட்டா ஆமான்னு சொல்லிடுவியோன்னு பயம்.

அப்புறம் உக்காந்து முழுசா படிச்சேன். அவங்க நம்பிக்கைப்படியே அந்த ஞானஸ்நானத்த செத்தவங்க ஆத்துமா ஏத்துக்கலாம், வேணாம்னும் சொல்லலாம், கட்டாயம் இல்ல. நாம பூசை வைக்கிறோம், உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்கிற ஆத்துமாவுக்காக வேண்டிக்கிறோம், அவங்க இதச் செய்றாங்க. செத்தவங்கள அப்படியே விட்டுட மனசில்லாதவங்கதான் ரெண்டு பேரும். அந்த ஒரு இடத்துல எனக்கு அவங்க மேல கோவம் போயிடுச்சு, ஆனாலும் அம்மாச்சிக்கு வேணாம், அது வேற.

இன்னொண்ணும் படிச்சேன். பிறந்து 110 வருஷம் ஆகாதவங்க பேருக்கு அப்படிச் செய்யணும்னா நெருங்கின உறவு யாராவது உயிரோட இருந்தா அவங்க அனுமதி வாங்கணும்னு அவங்க சட்டம். புருஷன் பொண்டாட்டி, பெத்தவங்க, பிள்ளைங்க, கூடப் பொறந்தவங்க. அம்மாச்சி 1931. தாத்தா இல்ல. அப்படின்னா அனுமதி கேக்க வேண்டியது என்னை. அப்பாடான்னு இருந்துச்சு, நான் முடியாதுன்னா முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

அப்புறம்தான் உறைச்சுது, பிள்ளைங்கன்னா நான் மட்டும் இல்லையே.

சித்தி விஷயத்துல உனக்கு நான் சொன்னது பொய் பாப்பா. சித்தி கல்யாணத்துக்கு அப்புறம் அந்தப் பெந்தெகோஸ்தே சபையில போய் மறுபடி முங்கினது உண்மை. ஆனா நம்ம வீட்டுக்கு வரமாட்டேன்னு அவ சொன்னதே இல்ல. உன் உறுதிபூசுதல் அன்னிக்கு வந்தா. கேட்டுக்கு வெளிய வெயில்ல நின்னா, கையில உனக்கு ஒரு பார்சல் இருந்துச்சு. வீட்ல யாரும் இல்லன்னு சொல்லச் சொல்லி அப்பாவ அனுப்பினேன். உள்ள நீ பாட்டு போட்டு ஆடிட்டு இருந்த சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். அதுக்கப்புறமும் ரெண்டு தடவை வந்தா. நீ "சித்தி ஏன் வரல"ன்னு கேட்டப்ப அவளுக்கு நாம அந்நியமாயிட்டோம்னு சொன்னேன். நீ அன்னிக்கு அழுத, நான் உன் தலைய தடவிக் குடுத்தேன். அம்மாச்சி அடக்கத்துல கூட அவ என் பக்கத்துல வந்து நின்னா, நான் தள்ளி நின்னுக்கிட்டேன்.

சாமிகிட்ட அந்தப் புள்ளையோட ஞானஸ்நானம் பத்திக் கேக்கப் போனவ இதையும் கேட்டேன். அவர் சொன்னாரு, உங்க தங்கச்சி எங்க போய் எத்தனை தடவை முங்கினாலும் குழந்தையில வாங்கின ஞானஸ்நானம் அழியாதும்மா, அது அழியாத முத்திரைன்னு. இத நான் இருபத்திரண்டு வருஷம் பிள்ளைங்களுக்குச் சொல்லிக்குடுத்திருக்கேன் பாப்பா, போர்டுல எழுதிப் போட்டு மனப்பாடம் பண்ண வச்சிருக்கேன். எழுதின கையாலதான் கேட்டையும் சாத்தினேன். பதினாலு வருஷம்.

நீ மூணு வாரமா பேசாம இருக்கிறது இதனாலயா? அந்தப் புள்ளையையும் நான் இப்படித்தான் செய்வேன்னு நெனச்சியா? ஒருவேளை நீயே என்னமோ முடிவு பண்ணிட்டு, சொன்னா அம்மா கேட்டை சாத்திடுவான்னு இருக்கியா? அப்படி இருந்தாலும் சொல்லு. நான் அழுவேன், சண்டை போடுவேன், தப்புன்னு சொல்லுவேன், அத நிறுத்த மாட்டேன். ஆனா சாத்த மாட்டேன். பூசைய விடாத பாப்பா, அத மட்டும் விடாத.

அந்தப் புள்ளைகிட்ட நான் கேட்டதா சொல்லு. வீடியோ கால்ல அது வணக்கம்னு தமிழ்ல சொன்னப்ப நான் முகத்த திருப்பிக்கிட்டது அதுக்குப் புரிஞ்சிருக்கும். அடுத்த தடவை அது பக்கத்துல இருக்கிறப்ப கூப்பிடு, நானே பேசுறேன்.

கடைசியா ஒண்ணு. அம்மாச்சியோட அம்மாவுக்கு ஞானஸ்நானப் பேர எழுதணுமா, வீட்ல கூப்பிட்ட பேர எழுதணுமான்னு கேட்டியே. அவங்களுக்கு ரெண்டு பேரு இருந்துச்சுன்னு நான் உன்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. தம்பிக்கும் தெரியாது, அப்பாவுக்கும் தெரியாது. அது தெரிஞ்சு இன்னிக்கு உயிரோட இருக்கிறது ரெண்டே பேருதான். எனக்குக் கோவம் இல்ல. எத்தனை வருஷமா பேசிட்டு இருக்கீங்கன்னும் கேக்கல.

பைபிள் முன்பக்கத்த போட்டோ எடுத்து இதோட அனுப்புறேன், தாத்தா கையெழுத்து கொஞ்சம் மங்கி இருக்கு, பெருசு பண்ணிப் பாரு. நீ எனக்கு சித்தி நம்பர அனுப்பு.

அம்மா