‘கை ஓங்கினான்’ என்ற சொல்லின் மொழிபெயர்ப்பைத் திருத்திய அம்மாவுக்கு

சிங்கப்பூர் நீதிமன்றத்தில் பெரியம்மா சாட்சி சொன்ன வழக்கில் தீர்ப்பு வந்து நான்கு நாள் ஆகிறது. வீட்டில் இன்னும் யாருக்கும் சரியான தூக்கமில்லை. ஆனால் நேற்றுக் காலை பெரியம்மா தானாகவே எழுந்து அடுப்பைப் பற்ற வைத்தார். என்ன நடந்தது என்பது எங்களை அறிந்தவர்களுக்குத் தெரியும். மறுபடி அதை எழுத எங்களுக்குக் கை வரவில்லை. நன்றியை மட்டும் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி, நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக நின்ற அம்மாவுக்கு. உங்கள் பெயரை இங்கே எழுத மாட்டோம். வழக்கு முடியும்வரை நீங்கள் எங்களிடம் தனியாக ஒரு வார்த்தை பேசியதில்லை. மின்தூக்கியில் எதிரே வந்தபோதுகூடத் தலையை லேசாக அசைத்துவிட்டுப் போனீர்கள். “தமிழ்ப் பிள்ளையா இருந்துக்கிட்டு ஒரு வார்த்த கேக்கலியே” என்று பெரியம்மா அன்று குறைப்பட்டார். இரண்டு தரப்புக்கும் பொதுவானவர் ஒரு பக்கத்தாரிடம் நின்று பேசினால் மறுபக்கம் சந்தேகப்படும், பிறகு அவர் சொல்லும் எந்தச் சொல்லும் நிற்காது என்று விளக்கிய பிறகுதான் சமாதானமானார்.

பெரியம்மா சாட்சி சொன்ன அன்று காலையிலிருந்து நீங்கள் ஒருவரே நின்றீர்கள். சாட்சி சொல்வதைக் கேட்டு, மனத்தில் பிடித்து வைத்து, அவர் நிறுத்தும் இடத்தில் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். பெரியம்மாவோ அழுதுகொண்டே மூச்சு விடாமல் ஐந்தாறு நாள் நடந்ததை ஒரே வீச்சில் கொட்டினார். அதன் நடுவில் வந்தது அந்தச் சொல்: “எம் புள்ள மேல கை ஓங்குனான்.” ஆங்கிலத்தில் அது ‘அடித்தான்’ என்று போய்விட்டது.

தண்டனைச் சட்டத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அடிக்கப்போவது போல் கை ஓங்குவது 351ஆம் பிரிவில் வரும். அதற்குச் சாதாரணமாக 352ஆம் பிரிவின்படி அதிகபட்சம் 3 மாதச் சிறை, அல்லது 1,500 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். வேண்டுமென்றே அடித்துக் காயப்படுத்தினால் 323ஆம் பிரிவு. 3 ஆண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம். எங்கள் வழக்கின் குற்றச்சாட்டு இவை இரண்டும் அல்ல. ஆனாலும் அந்தச் சொல் வேறு இடத்தில் குத்தியது.

போலீசில் பெரியம்மா கொடுத்த வாக்குமூலத்தில் ‘கையை ஓங்கினான்’ என்றுதான் இருந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தை எழுத்தில் எடுத்தால், அதை வாசித்துக் காட்டி, ஆங்கிலம் புரியாதவருக்கு அவருக்குப் புரிகிற மொழியில் சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வாங்க வேண்டும். அப்படிக் கையெழுத்தான தாளைக் கையில் வைத்துக்கொண்டு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டார்: அன்றைக்கு ஓங்கினான், இன்றைக்கு அடித்தான், எது பொய்? அவர் தம் வேலையைச் செய்தார், அவர் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. ஆனால் ஆங்கிலத்தில் என்ன போனது என்று பெரியம்மாவுக்கு எப்படித் தெரியும்? சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னார். எதற்காகத் தம்மைப் பொய்க்காரி ஆக்குகிறார்கள் என்று புரியாமலே கூண்டில் நின்றார். பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்து யாரும் குரல் கொடுக்க முடியாது.

மதிய இடைவேளை முடிந்து நீதிபதி வந்து அமர்ந்ததும், அடுத்த கேள்விக்கு முன்னால் நீங்கள் அனுமதி கேட்டீர்கள். சாட்சி சொன்ன சொல்லை அப்படியே தமிழில் சொன்னீர்கள். அதன் பொருள் அடிக்கக் கையை உயர்த்தினான் என்பதே, காலையில் ‘அடித்தான்’ என்று சொன்னது தவறு, அந்தத் தவறு என்னுடையது, சாட்சியுடையது அல்ல என்றீர்கள். நான்கு வாக்கியம்கூட இருக்காது. நீதிபதி இரு தரப்பையும் கேட்டுவிட்டு அந்தக் கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னார். பெரியம்மா கையைத் தூக்கிக் காட்டினார். சைகை பதிவில் ஏறாது என்பதால் ‘சாட்சி வலது கையைத் தோளுக்கு மேல் உயர்த்துகிறார்’ என்று வாயால் சொல்லி ஏற்றினார்கள். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது.

நீங்கள் சும்மா இருந்திருக்கலாம். யாரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். சொல்லையே தொழிலாகக் கொண்டவர், நிறைந்த சபையில் ‘என் சொல் தவறிவிட்டது’ என்று சொல்வது சின்னக் காரியமில்லை. பெரியம்மாவுக்கு அன்று யாரும் ஆறுதல் சொல்லவில்லை, தோளைத் தொடவில்லை. அவர் சொன்ன சொல்லை அவருக்கே திருப்பிக் கொடுத்தீர்கள். அது போதுமாக இருந்தது.

தமிழ் நம் நான்கு அதிகாரத்துவ மொழிகளில் ஒன்று, ஆனால் வழக்கு நடப்பது ஆங்கிலத்தில். நடுவில் சிக்குவது பெரும்பாலும் சின்னச் சொற்கள்தான். “நீங்கள் பார்க்கவில்லை, சரிதானே?” என்றால் நாம் “ஆமா” என்போம், பார்க்கவில்லை என்று அர்த்தம். அதே ‘ஆமா’ வெறும் ‘எஸ்’ ஆகிப் போனால் பார்த்ததாகவும் படும். “ஆமா, பார்க்கல” என்று முழுதாகச் சொல்ல வேண்டும். சித்தப்பா, மாமா, பெரியப்பா எல்லோரும் ஆங்கிலத்தில் ஒரே ‘அங்கிள்’தான், உறவோடு பெயரையும் சேர்த்துச் சொன்னால் குழப்பம் வராது. ‘ராத்திரி ஒரு மணி’ நமக்கு முந்தைய நாளின் ராத்திரி, காகிதத்தில் அது மறுநாள். “கொன்னுடுவேன்” என்று தாய் பிள்ளையைத் திட்டுவதும் ஒருவன் கத்தியோடு சொல்வதும் ஒன்றல்ல. யார், எந்த நேரத்தில், எந்தக் குரலில் சொன்னார் என்பதையும் சாட்சி சொல்ல வேண்டியிருக்கும். தலையாட்டல் நம்மவர் விஷயத்தில் இன்னும் மோசம். ஆமாவா இல்லையா என்று நமக்கே தெரியாது. வாய் திறந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்ல உரிமை உண்டு. இரண்டு மூன்று வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும். வழக்கறிஞர் ‘ஐ புட் இட் டு யூ’ என்று தொடங்குவது திட்டு அல்ல. எதிர்த்தரப்பு தன் கதையைச் சாட்சியின் முன் வைக்கும் முறை அது, ஒத்துக்கொள்கிறேன் அல்லது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால் போதும். இதெல்லாம் முன்பே தெரிந்திருந்தால் பெரியம்மாவின் அந்தக் காலைப்பொழுது கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

மற்றவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமையிலும் தொலைபேசியை எடுத்த விசாரணை அதிகாரி, எங்களுக்கு நேர்ந்த பாதிப்பைச் சொல்லும் அறிக்கையை அவசரப்படுத்தாமல் வரிக்கு வரி சரிபார்த்த அரசுத் தரப்பு வழக்கறிஞர், வழக்கு நாட்களில் அண்ணனுக்கு விடுப்புக் கொடுத்த முதலாளி, பள்ளி விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ச் சோறு போட்ட எதிர்வீட்டு மலாய் மாமி, காசு வாங்க மறுத்த தேக்கா பூக்கடை அக்கா, கோயிலில் பேர் சொல்லி அர்ச்சனை செய்தவர்கள், ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

மொழிபெயர்ப்பாளர் அம்மா, உங்களுக்குப் பரிசு எதுவும் கொடுக்கக் கூடாது என்று தெரியும், கொடுக்கவும் மாட்டோம். அதற்குப் பதில் ஒன்று செய்கிறோம். சாட்சி சொல்லப் போகும் தமிழ்க் குடும்பம் எதுவாக இருந்தாலும், கூட ஒருவர் வருவோம். என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லித்தர மாட்டோம், அது தப்பு. எங்கே உட்காருவது, எப்போது நிறுத்துவது, புரியாதபோது என்ன கேட்பது என்பதை மட்டும் சொல்வோம். அடுத்த மாதம் வழக்கு உள்ள ஒரு குடும்பம் ஏற்கனவே கேட்டிருக்கிறது. பெரியம்மாவும் வருகிறேன் என்கிறார். உள்ளே குளிர் அதிகம், சாட்சி சொல்லப் போகிற அந்த வீட்டு அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.