கப்பல் மணி, கரை மணி: ஒரு சொகுசுக் கப்பல் நிறுவனத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கடந்த டிசம்பர் பள்ளி விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, தாய்லாந்தின் ஃபூகெட் சென்று திரும்பிய உங்கள் கப்பலில் எங்கள் குடும்பத்தார் ஏழு பேர் வந்திருந்தோம். ஃபூகெட்டின் பாத்தோங் கடற்கரையில், ஜெட் ஸ்கீ என்னும் நீர் மோட்டார்சைக்கிளை வாடகைக்கு விட்டவர் எங்களை மிரட்டிப் பணம் பறித்தது உங்களுக்குத் தெரியும். கப்பலிலேயே எழுதிக் கொடுத்தேன். வீடு திரும்பியதும் மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வாரம் கழித்து, கரையில் பயணிகள் தாமாக மேற்கொள்ளும் நடவடிக்கைகளுக்கு நிறுவனம் பொறுப்பேற்காது என்ற ஒற்றை வரியும், அடுத்த பயணத்துக்குப் பத்து விழுக்காடு தள்ளுபடிச் சீட்டும் வந்து சேர்ந்தன. தள்ளுபடிக்கு நன்றி. அந்த ஒற்றை வரிக்குத்தான் இந்தப் பதில்.

பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று நான் கேட்கவில்லை. போனது போனதுதான். நான் கேட்பது ஒரு தகவல் தாள். கரையிறங்கும் நாளுக்கு முந்தைய இரவு ஒவ்வோர் அறையின் கதவடியிலும் செருகப்படும் ஒரே ஒரு தாள். கூடவே, படகுத் துறையில் குளிர்ந்த துண்டு நீட்டும் ஊழியருக்குப் பக்கத்தில், பதறி ஓடி வருபவர் சொல்வதைக் காதில் வாங்கிக்கொள்ள இன்னொரு ஊழியர். இவ்வளவுதான்.

நடந்ததை முழுக்கச் சொல்லப் போவதில்லை. ஒரு சில நிமிடங்களை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். என் தம்பி மகன், தேசிய சேவை முடித்த 22 வயதுப் பையன், அரை மணி நேரத்துக்கு 1,500 பாட் கொடுத்து ஜெட் ஸ்கீ ஓட்டிவிட்டுக் கரைக்கு வந்தான். வாடகைக்கு விட்டவர் வண்டியை ஒருபக்கமாகச் சாய்த்தார். ஈரத் துணியால் அடிப்பக்கத்தைத் துடைத்தார். விரல் நீளத்துக்கு ஒரு கீறல். கீறலுக்குள் பச்சையாகப் பாசி பிடித்திருந்தது. அரை மணி நேரத்தில் பாசி வளர்கிற அதிசயக் கடல் அது. 45,000 பாட் என்றார். எங்கிருந்தோ இன்னும் நான்கு பேர் வந்து சுற்றி நின்றார்கள். பையனின் அடையாள அட்டை அவருடைய இடுப்புப் பையில் இருந்தது. கடப்பிதழ்களைக் கப்பலில் நீங்கள் வாங்கி வைத்துக்கொண்டதால், பிணையாகக் கொடுக்க அவனிடம் வேறெதுவும் இல்லை.

தேக்கா சந்தையில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேரம் கற்றவன் நான். பேசித் தீர்க்க நேரம் இருக்கிறது என்றுதான் நினைத்தேன். கைப்பேசியில் மணி 3.05. கப்பலுக்குத் திரும்பும் கடைசிப் படகு 4.30க்கு. குரலை உயர்த்தாமல், "போலீசைக் கூப்பிடுங்கள், காத்திருக்கிறேன்" என்றேன். அவர் சிரித்தார். தம் கைக்கடிகாரத்தை என் முகத்துக்கு நேராக நீட்டினார். "உங்கள் கப்பல் சிங்கப்பூர் மணியில் ஓடுகிறது, அங்கிள். கடைசிப் படகு எங்கள் மணிக்கு மூன்றரை. இன்னும் இருபத்தைந்து நிமிடம்தான்."

தாய்லாந்து நம்மைவிட ஒரு மணி நேரம் பின்தங்கிய நாடு, கடிகாரத்தைச் சொல்கிறேன். கரையேறியதும் கைப்பேசி தானாகவே உள்ளூர் மணிக்கு மாறிக்கொள்கிறது. கப்பல் மாறுவதில்லை. இதை நீங்கள் சொல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். முந்தைய நாள் கப்பலில் கொடுத்த நாளிதழின் நான்காம் பக்கத்தில், பிங்கோ போட்டிக்கும் நகை விற்பனைக்கும் நடுவில், எறும்பு அளவு எழுத்தில் அது இருந்ததைப் பிற்பாடு கண்டுபிடித்தேன்.

என்னை மிரட்டிய மனிதர்தான் நாங்கள் கப்பலைத் தவறவிடாமல் காப்பாற்றினார். உங்கள் கப்பல் எந்த மணியில் ஓடுகிறது, கடைசிப் படகு எப்போது, அதற்கு எத்தனை நிமிடத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் பேரத்தைக் கைவிட்டுப் பணத்தை எடுக்கும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. கீறல் ஒரு சாக்கு. அவர் பிழைப்பு நடப்பதே உங்கள் கால அட்டவணையை வைத்துத்தான். நாலு நாள் விடுதியில் தங்குகிறவன், நாளைக்குக் காவல் நிலையத்தில் பார்ப்போம் என்று சொல்லிவிடுவான். கப்பல் பயணிக்கு ஏது நாளை?

என்னை ஸ்கூட்டரின் பின்னால் உட்கார வைத்துப் பணம் எடுக்கும் இயந்திரத்துக்கு அழைத்துப் போனார்கள். 45,000 இறங்கி 18,000இல் நின்றது. ஏறக்குறைய எழுநூறு சிங்கப்பூர் வெள்ளி. வெளிநாட்டு அட்டை என்பதால் வங்கிக்கு இன்னும் 220 பாட். அடையாள அட்டை கைக்கு வந்தபோது மணி 3.22. மணலில் ஓடினோம். படகுத் துறையில் உங்கள் ஊழியரிடம் மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னேன். அவர் மிகுந்த மரியாதையோடு எலுமிச்சை நீர் கொடுத்து, "சீக்கிரம் ஏறுங்கள், சார்" என்றார். படகில் முன்னிருக்கையில் உட்கார்ந்திருந்த என் அம்மா, "ஐஸ் வாங்கப் போனதற்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டார். எழுநூறு வெள்ளி ஐஸ் அம்மா அது என்று சொல்ல வாய் வரவில்லை. பையன் அன்றிரவு சாப்பிடவில்லை. "பெரியப்பா, சம்பளம் வந்ததும் தந்துவிடுகிறேன்" என்று மட்டும் இரண்டு முறை சொன்னான்.

இது உங்களுக்குப் புதிய செய்தி அல்ல. பிரிட்டன், ஆஸ்திரேலிய அரசுகளின் தாய்லாந்துப் பயண அறிவுரைகளிலேயே ஜெட் ஸ்கீ வாடகை மோசடி இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அந்த விரிகுடாவில் நங்கூரம் போடுகிற உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா? தெரிந்தும் உங்கள் கரையிறங்கும் விளக்கக் கூட்டத்தில் நாற்பது நிமிடம் எதைப் பற்றிப் பேசினார்கள் என்று குறித்து வைத்திருக்கிறேன். ரத்தினக் கற்கள், தையற்கடை, நீங்கள் விற்கும் தீவுச் சுற்றுலா. பாதுகாப்புக்கு வந்தது ஒரு வாக்கியம்: உங்கள் உடைமைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு கண்சிமிட்டல்: எங்கள் சுற்றுலாவை வாங்கியவர்கள் தாமதமானால் கப்பல் காத்திருக்கும். அதாவது, தாமாக இறங்குகிறவர் பயந்துகொண்டே இறங்கட்டும். அந்தப் பயம்தான் தீவுச் சுற்றுலாவுக்கு விளம்பரம்.

பயம் எனக்கு வேண்டாம். தகவல் வேண்டும். இரண்டும் ஒன்றல்ல.

தாளின் தலைப்பில் கொட்டை எழுத்தில் கடைசிப் படகின் மணியைக் கப்பல் நேரத்திலும் உள்ளூர் நேரத்திலும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். அதற்குக் கீழே 1155. அது தாய்லாந்தின் சுற்றுலாப் போலீஸ் எண், ஆங்கிலத்தில் பேசலாம். வீடு திரும்பிய பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. அன்று மணலில் நின்றுகொண்டு அந்த நான்கு இலக்கங்களை உரக்கச் சொல்லியிருந்தாலே பேரம் வேறு மாதிரிப் போயிருக்கும் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆம்புலன்ஸுக்கு 1669. ஜெட் ஸ்கீ எடுக்காதீர்கள் என்று எழுதுங்கள். கேட்காமல் எடுக்கிறவர்களுக்கு, ஏறுமுன் வண்டியை அடிப்பக்கம் உட்பட நாலாபுறமும், வாடகைக்காரரின் கண்ணெதிரே காணொளி எடுக்கச் சொல்லுங்கள்; அடையாள அட்டையைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 2017இல் இதே ஃபூகெட்டில், காத்தா கடற்கரைக்கு அப்பால், இரண்டு ஜெட் ஸ்கீகள் மோதி ஓர் இருபது வயது ஆஸ்திரேலியப் பெண் இறந்தார். அதே ஆண்டு அதே காத்தாவில், படகு இழுக்கும் பாராசூட்டில் ஏறிய 71 வயது ஆஸ்திரேலியர் வார்ப்பட்டையிலிருந்து நழுவிக் கடலில் விழுந்து மாண்டார். கீறலில் போனது வெறும் பணம்தான் என்று நான் மனத்தைத் தேற்றிக்கொள்வது இவற்றை நினைத்துத்தான்.

மருதாணிக்கும் ஒரு வரி ஒதுக்குங்கள். கடற்கரையில் கறுப்பு மருதாணியில் பச்சை குத்தியதுபோல் படம் வரைகிறார்கள். என் மனைவி கிண்ணத்தை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுப் பேத்தியை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். மருதாணி சிவக்கும், பழுப்பாகும், கறுக்காது. அதைக் கறுப்பாக்கக் கலப்பது தலைமுடிச் சாயத்தில் உள்ள ரசாயனம். குழந்தைகளின் தோலில் கொப்புளம் கிளம்பிவிடும், சிலருக்குத் தழும்பும் நின்றுவிடும். எங்கள் வீட்டுப் பெண்களுக்கு இது தெரியும். உங்கள் பயணிகள் எல்லோருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஆனால் ஒன்று. இந்தத் தாளைப் பாத்தோங்காரர்கள் எல்லோரும் திருடர்கள் என்ற தொனியில் எழுதிவிடாதீர்கள். வாட்டிய சோளம் விற்ற அம்மையார் என் அம்மாவுக்குப் பல் இல்லையென்று பார்த்துவிட்டு, கேட்காமலே இளங்கதிராகப் பொறுக்கிக் கொடுத்தார். குச்சியால் முதுகை உரசினால் தவளைபோல் கத்தும் மரத்தாலான தவளைப் பொம்மை விற்றவர், பேத்திக்கு உரசக் கற்றுக்கொடுத்துவிட்டு, நாங்கள் வாங்காதபோதும் கும்பிட்டுவிட்டுத்தான் போனார். வெயிலில் நாள் முழுக்க நடந்து விற்கிறவர்கள் அவர்கள். வேண்டாமென்றால் விலகிவிடுகிறார்கள், வேண்டாம் என்பதை அவர்கள் மொழியில் சொல்லத் தெரிந்தால். "மை ஆவ்" என்றால் வேண்டாம். ஆண்கள் கடைசியில் "க்ராப்" என்றும் பெண்கள் "கா" என்றும் சேர்த்தால் மரியாதை. சோளம் விற்ற அம்மையார்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு புன்னகையும் இந்த இரண்டு சொல்லும் போதும். கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை ஆட்டி விரட்ட வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலிகளில் சில பயணிகள் விரட்டிய விதத்தைப் பார்த்து எனக்கே கூசியது. இந்த இரண்டு சொல்லைக் கற்றுக்கொடுக்க உங்கள் விளக்கக் கூட்டத்தில் அரை நிமிடம் கிடைக்காதா?

கிடைக்காதுதான். நேரமெல்லாம் எங்கே போகிறது என்று எங்களுக்குத் தெரியாதா? காலை ஏழு மணிக்கு அறையின் ஒலிபெருக்கியில் கைக்கடிகாரத் தள்ளுபடி அறிவிக்கிறீர்கள். கேட்காமலே ஆளுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணத்தைக் கணக்கில் ஏற்றுகிறீர்கள். குடிநீர்ப் புட்டிக்குச் சோளக் கதிரைவிட அதிக விலை. இந்தியக் கறி என்று எழுதி வைத்திருந்த பாத்திரத்தில் இருந்தது என்ன என்று ஏழு பேர் கூடி ஆராய்ந்தும் முடிவுக்கு வர இயலவில்லை. கரையில் எங்களைத் துரத்திய வியாபாரிகளிடம் "மை ஆவ்" என்று சொல்லித் தப்பித்தோம். கப்பலில் துரத்துகிறவர்களிடம் எந்த மொழியில் சொல்வது?

மன்னியுங்கள். கேட்க வந்தது இதையல்ல. தாளைக் கேட்க வந்தேன்.

அந்தத் தாளில் தமிழும் இருக்கட்டும். சிங்கப்பூரிலிருந்து கிளம்பும் கப்பல் அது. இங்கே ரயில் நிலையப் பலகையிலிருந்து மின்தூக்கி எச்சரிக்கை வரை நான்கு மொழியில் எழுதுகிறோம். உங்கள் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் வந்தன. என் அம்மாவுக்கு வயது 79. ஆங்கிலம் எழுத்துக்கூட்டத்தான் தெரியும். தமிழில் அச்சிட்டது எது கிடைத்தாலும், வடை மடித்துக் கொடுத்த காகிதமானாலும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படிப்பவர். எங்கள் ஏழு பேரில் நீங்கள் கொடுக்கும் தாளை முழுதாகப் படிக்கக்கூடிய ஒரே ஆள் அவர்தான். நாங்கள் பொங்கும் கடலைப் படம் எடுத்துக்கொண்டிருப்போம். "டேய், கப்பல் மணி வேறாம், கரை மணி வேறாம்" என்று அவர் ஒருவர் சொல்லியிருந்தால் போதும்.

வரும் ஜூன் விடுமுறையில் அம்மாவுக்கு 80 நிறைகிறது. மறுபடியும் கப்பலில்தான் கொண்டாட வேண்டும் என்கிறார்; கடல் அவருக்குப் பிடித்துவிட்டது. உங்கள் பத்து விழுக்காட்டுச் சீட்டைப் பயன்படுத்தப் போகிறேன், கோபத்தோடுதான். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று. மேற்குக் கரையில் அலை பெரிதாக இருக்கும் என்பதால் கப்பல்கள் கிழக்கே மாக்காம் விரிகுடாத் துறைக்குப் போகின்றன. அங்கிருந்து பாத்தோங்குக்கு வண்டியில் போய்த் திரும்பவே நேரம் இன்னும் இறுகும். கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும். காலை வாரி உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் அந்த மாதங்களில் ஆண்டுதோறும் ஆட்கள் போகிறார்கள். சிவப்பு என்றால் இறங்காதே, சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த கொடி என்றால் இரண்டு கொடிகளுக்கு நடுவே மட்டும் குளி. இதையும் தாளில் சேர்த்துவிடுங்கள். பேத்திக்கு ஆறு வயது. தண்ணீரைக் கண்டால் நிற்க மாட்டாள்.

ஜூன் முதல் வாரம் ஏறுகிறோம். ஃபூகெட்டுக்கு முந்தைய இரவு, சாப்பிட்டுத் திரும்பியதும், கதவடியில் அந்தத் தாள் கிடக்கிறதா என்று குனிந்து பார்ப்பேன். கிடக்கும்படி செய்ய வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டால் அம்மாவுக்குக் கண்ணாடி தேட வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
தங்கள் கப்பலில் மறுபடியும் ஏறவிருக்கும்
ஈசூன்வாசி ஒருவர்