மறுபடியும் என்னைய குதிரை மேல ஏத்தி விட்ட எல்லாருக்கும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், எழுத உக்காந்தா யாருல ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, அவ்வளவு பேரு இருக்கீங்க. அதனால நடந்தத முதல்ல சொல்லிட்டு ஒவ்வொருத்தரா வர்றேன்.

மதுரை அழகர்கோவில் ரோட்டுல அப்பன்திருப்பதிக்குப் போற வழியில ஒரு தென்னந்தோப்பு, அதுக்குள்ள ஒரு சின்ன லாயம். கல்யாணமாகி ரெண்டு புள்ளைக்கு அப்புறம்தான் நான் அங்க குதிரை ஓட்டக் கத்துக்கிட்டேன். நான் ஓட்டுறது ராணி, கத்தியவார் ஜாதி, காது ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சு நுனி ஒண்ணோட ஒண்ணு தொட்டுக்குற மாதிரி இருக்கும், அந்தக் காதுக்கு நடுவுல ரோட்டப் பாத்துக்கிட்டு போற சுகம் இருக்கே, அத ஓட்டுனவங்களுக்குத்தான் தெரியும். போன ஆடி மாசம் தோப்ப ஒட்டுன மண்பாதையில ட்ராட்ல, அதான் துள்ளு நடையில, வந்துட்டு இருந்தோம், ரோட்டோரம் மூங்கில்ல கட்டியிருந்த ஒரு காதணி விழா ஃப்ளெக்ஸ் பாதி கிழிஞ்சு தொங்கிட்டு இருந்தது, ஆடிக்காத்துக்கு அது படார்னு விரிஞ்சு அடிச்சதுல ராணி பக்கவாட்டுல ஒரே துள்ளு துள்ளி ஓட ஆரம்பிச்சுருச்சு, நான் இடது தோள் அடிபட கீழ விழுந்துட்டேன். காரை எலும்பு உடைஞ்சது. தலைக்கு ஒண்ணும் ஆகல, ஹெல்மெட்டுதான் பின்பக்கம் விரிஞ்சு போச்சு.

அப்ப ரோட்டுல ஸ்கூட்டியில வந்த ஒரு நர்ஸ் அக்கா, நைட் டியூட்டி முடிச்சு வீட்டுக்குப் போயிட்டு இருந்தவங்க, வண்டிய அப்படியே போட்டுட்டு ஓடி வந்தாங்க. சுத்தி நின்னவங்க எல்லாம் தூக்கி உக்கார வைங்க, தண்ணி குடுங்கன்னு சத்தம் போட, அவங்க ஒருத்தரையும் தொட விடல. கழுத்து வலிக்குதா, கை விரல அசைங்க, கால் விரல அசைங்கன்னு கேட்டு எல்லாம் பாத்துட்டுத்தான் எழுப்புனாங்க, அவங்க துப்பட்டாவாலயே என் கைய நெஞ்சோட சேத்துக் கட்டுனாங்க. அக்கா, அந்தத் துப்பட்டா துவைச்சு மடிச்சு எங்க வீட்டு பீரோவுல இருக்கு, உங்க பேரக் கூட கேக்காம விட்டுட்டேன்னு இன்னைக்கும் மனசு அடிச்சுக்குது. அதே நேரத்துல ராணி ரோட்டுக்கு ஏறிறாம பால் கேன் வண்டிய குறுக்க நிறுத்தி, கைய விரிச்சுக்கிட்டு பைய நடந்து போயி கடிவாள வாரப் பிடிச்ச பால்கார அண்ணனுக்கும் என் நன்றி. அந்த ரோட்டுல பஸ்ஸும் டிப்பரும் போற வேகத்துக்கு, நீங்க இல்லன்னா ராணி இன்னைக்கு இல்ல.

எலும்பு டாக்டர் ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லி கைய பையில போட்டு விட்டாரு, பெரியவங்களுக்கு இந்த எலும்பு சேர 6 வாரத்துல இருந்து 12 வாரம் ஆகும்னாரு, சொன்ன மாதிரியே சேந்துருச்சு. ஆனா பயம் சேந்தே வந்துச்சு. மொட்டமாடியில தார்ப்பாய் காத்துல அடிச்சா உள்ளங்கை வேர்க்கும். ராத்திரி கரன்ட் போயி ஜன்னல் கதவு படபடன்னா எந்திரிச்சு உக்காந்துருவேன். லாயத்துக்குப் போனா கேட்டுக்கு இங்கிட்டே நின்னுட்டு திரும்பி வந்துருவேன். பாக்குறவங்க எல்லாம் "பயப்படாத, பயப்படாத"ன்னு சொன்னாங்க, நல்ல மனசோடதான் சொன்னாங்க, ஆனா அது சொல்லச் சொல்ல பயத்தோட சேத்து வெக்கமும் வந்துச்சு. நான் இன்னைக்கு நன்றி சொல்ற ஆளுங்க ஒருத்தரு கூட அந்த வார்த்தைய சொல்லல. கை உடைஞ்சா கைய எப்படிப் பாப்பாங்களோ அப்படித்தான் என் பயத்தையும் பாத்தாங்க, இருக்கு, சரி, இத வச்சுக்கிட்டு இன்னைக்கு என்ன செய்ய முடியும்னு கேட்டாங்க.

முதல்ல கேட்டது பிசியோதெரபி தங்கச்சி. கைய ஊஞ்சல் மாதிரி தொங்கவிட்டு ஆட்டுறது, விரலாலயே சுவத்துல ஏறுறது, எல்லாருக்கும் சொல்லித் தர்றதத்தான் எனக்கும் சொல்லித் தந்துச்சு. ஒருநாள் நான் என் வேலையெல்லாம் சொல்லிட்டு கடைசியா குதிரைய பத்தி சொன்னதும், "அப்ப அதுக்குத் தகுந்த மாதிரி பண்ணுவோம்க்கா"ன்னு சொல்லி பெரிய பந்து ஒண்ணுல என்னைய உக்கார வச்சு, கையில ஒரு துண்டக் குடுத்து கடிவாளமா பிடிக்கச் சொல்லி, அது பின்னாடி நின்னு பந்த ஆட்டி விட்டுச்சு. குதிரையையே கிட்டப் பாத்ததில்லைன்னு சொல்ற புள்ள, போன்ல வீடியோ பாத்து கத்துக்கிட்டு வந்து எனக்காக செஞ்சது அது. இடுப்பு விழாம நிக்கும்னு என் உடம்புக்கு மறுபடி தெரிஞ்சது அந்த பந்துலதான்.

அப்புறம் லாயத்து மாஸ்டர். அறுபது வயசுக்கு மேல, காலைல நாலு மணிக்கெல்லாம் கொள்ளு ஊறுனத பாத்துட்டு நிப்பாரு. நான் கேட்டுக்கு வெளிய நின்னப்ப "வா ஆத்தா, லத்தி அள்ள ஆள் இல்ல"ன்னு மட்டும் சொன்னாரு. ஏறுறியான்னு கேக்கவே இல்ல. மாசக்கணக்கா நான் லத்தி அள்ளுனேன், கொள்ளு வச்சேன், சேணத்துக்கு எண்ணெய் போட்டேன், மண்ணு போக சீப்பு வச்சு தேச்சு விட்டேன். லாடம் அடிக்க வர்ற பாய் ஒருநாள் பேச்சு வாக்குல ராணியோட முன்னங்கால தூக்கி என் கையில குடுத்துட்டு அவரு பாட்டுக்கு குளம்பு சீவ ஆரம்பிச்சுட்டாரு. அந்தக் கனம் கையில இருந்தப்பதான் கவனிச்சேன், நான் அவ வயித்துக்கு அடியில நின்னுட்டு இருக்கேன், பயமே ஞாபகம் வரல. பாய், நீங்க வேணும்னே செஞ்சீங்களா இல்லையான்னு நான் கேக்கல, கேக்கவும் மாட்டேன். நன்றி.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லியே ஆகணும். ராணிக்கு நெத்தியில சுழி சரியில்ல, அதான் தள்ளிருச்சு, அந்தியூர் சந்தைக்கு அனுப்பி வித்துருங்கன்னு எங்க சொந்தத்துலயே பல பேரு மாஸ்டர்ட்ட பேசுனாங்க. சுழி பாக்குறது நம்ம பக்கம் ரொம்ப காலத்து வழக்கம், அத நம்புறவங்கள நான் குத்தம் சொல்லல. ஆனா மாஸ்டர் அவுககிட்ட சண்டை போடாம என்னையத்தான் கூப்பிட்டு ராணியோட கண்ணக் காட்டுனாரு. குதிரைக்கு கண்ணு தலைக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, அதனால கிட்டத்தட்ட சுத்தி இருக்குறது எல்லாமே தெரியும், மூக்குக்கு நேர் முன்னாடியும் வாலுக்கு நேர் பின்னாடியும்தான் தெரியாது, ஓரத்துல சின்னதா ஒண்ணு அசைஞ்சாலும் பட்டுனு தெரிஞ்சுரும், அது என்னன்னு நின்னு பாக்காது. மேயுற மிருகம், முதல்ல ஓடும், அப்புறம்தான் திரும்பிப் பாக்கும். "அவ உன்னையத் தள்ளல ஆத்தா, அவ உசுரக் காப்பாத்திக்க ஓடுனா, நீ மேல இருந்த"ன்னாரு. அதக் கேட்டப்புறம்தான் ராணி மேல எனக்கு இருந்த ஒரு வருத்தம் போச்சு, இருந்ததே அப்பத்தான் தெரிஞ்சது.

ஏறுனது மணி மேல. மணி லாயத்துலயே வயசான குதிரை, கல்யாண ஊர்வலம் எல்லாம் போயி வேட்டுச் சத்தம் பாத்த ஆளு. நீளக் கயிறக் கட்டி மாஸ்டர் நடுவுல நிக்க, வட்டமா சுத்துனோம், கடிவாளத்த என் கையிலயே குடுக்கல. வாய் விட்டு எண்ணச் சொன்னாரு. நடக்குறப்ப ஒரு எட்டுக்கு குளம்பு நாலு தடவ விழும், ட்ராட்ல ரெண்டு ரெண்டா விழும், கேன்ட்டர்ல, அதான் மெதுவான பாய்ச்சல்ல, மூணு. எண்ணணும்னா மூச்சு விட்டாகணும், பயந்தவங்க மூச்சப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி குனிஞ்சு முழங்கால இறுக்குவாங்க, அது குதிரைக்கு போ போன்னு சொல்ற மாதிரி. ஒண்ணு ரெண்டு மூணு நாலுன்னு அந்தத் தோப்பு பூரா கேக்க எண்ணுனேன். லாயத்துக்கு வர்ற நாலாங்கிளாஸ் பாப்பா ஒண்ணு வேலி மேல உக்காந்து எனக்காக கூடவே எண்ணும், நான் நிறுத்துனா அதுவும் நிறுத்தும், அந்தத் தங்கத்துக்கு என் முத்தம்.

எல்லாத்த விடவும் பெரிய வேலை ராணிக்கும் எனக்கும் சேத்து நடந்தது. மாஸ்டர் எங்கயோ ஒரு பழைய ஃப்ளெக்ஸ் வாங்கிட்டு வந்து தோப்போட அந்த மூலையில விரிச்சு நாலு கல்லு வச்சாரு, ராணிக்கு கொள்ளு வாளிய இந்த மூலையில வச்சாரு. அவ்வளவுதான் அன்னைக்கு. அடுத்த அடுத்த நாள்ல வாளி கொஞ்சம் கொஞ்சமா கிட்டப் போச்சு. அவ பின்வாங்குனா இழுக்கவே மாட்டாரு, நின்னு திரும்பிப் பாத்து தலையத் தாழ்த்துனா உடனே ஃப்ளெக்ஸ மடிச்சு எடுத்துருவாரு, பயந்து ஓடுனா போகாத சாமான் நின்னு பாத்தா போயிருதுன்னு அவளுக்கே புரியணுமாம். ஊசி போட வந்த கால்நடை டாக்டரம்மா இதப் பாத்துட்டு அவங்க ஸ்டெதாஸ்கோப்ப என் காதுல மாட்டி, ராணியோட இடது முழங்கைக்குப் பின்னாடி வச்சு கேக்க விட்டாங்க. குதிரைக்கு சும்மா நிக்கிறப்ப நிமிஷத்துக்கு 28ல இருந்து 44 வரைக்கும்தான் துடிக்குமாம், நம்மள விட ரொம்ப மெதுவு. ஃப்ளெக்ஸ லேசா அசைச்சதும் அது எகிறுச்சு. அப்புறம் அவ வாய மென்னுக்கிட்டு தலையத் தொங்கப் போட, பழையபடி பைய இறங்குச்சு. எனக்கு கண்ணுல தண்ணி வந்துருச்சு டாக்டரம்மா, எனக்கு மட்டும்தான் இப்படின்னு அத்தனை நாளும் நெனச்சுட்டு இருந்தேன்.

ஃப்ளெக்ஸோட ஒரு முனைய அப்புறம் நானே பிடிச்சேன், நானே உதறுனேன். கடைசியில ராணிய கையில பிடிச்சு அது மேல நடத்துனேன், குளம்புக்கு அடியில அது மொறுமொறுன்னுச்சு, அவ காது ரெண்டும் முன்னாடி பாத்துச்சு. அதுக்கப்புறம்தான் அவ மேல ஏறுனேன், போன ஞாயித்துக்கிழமை அந்த மண்பாதையில கேன்ட்டர் வரைக்கும் போயிட்டு வந்தோம்.

எங்க வீட்டுக்காரருக்கு, சமைச்சு புள்ளைகளக் கிளப்பி விட்டதுக்கு மட்டும் இல்ல, புது ஹெல்மெட் வாங்கிக் குடுத்ததுக்கும். ஒரு தடவ பலமா அடி வாங்குன ஹெல்மெட்டுக்கு உள்ள இருக்குற தெர்மாகோல் நசுங்கிரும், வெளிய நல்லா இருந்தாலும் மறுபடி போடக்கூடாது, நீங்களும் போடாதீங்க. குதிங்கால் வச்ச பூட்ஸ் போடாம ஏறாதீங்க, அன்னைக்கு என் கால் மிதிகட்டையில மாட்டாம கழண்டதுக்கு அதுதான் காரணம்.

எங்கம்மாவுக்கு நான் திரும்ப ஏறுறதுல கொஞ்சமும் இஷ்டமில்ல. ஆனா போகாதன்னு சொல்லல. சித்திரையில தல்லாகுளத்துல அழகர் தங்கக்குதிரையில கிளம்பறப்ப கூட்டத்துல நின்னு என்னமோ வேண்டிக்கிட்டாங்க, என்னன்னு என்கிட்ட சொல்லல, சொல்ல வேண்டாம்மா.

அப்புறம் தோப்புக்கு எதிர்த்தாப்ல டீக்கடை அண்ணனும் அங்க உக்காந்திருக்குற தம்பிகளும். நான் ஆஸ்பத்திரியில இருந்தப்பவே அந்தக் கிழிஞ்ச ஃப்ளெக்ஸ கழட்டிட்டாங்க, அதோட விடாம அந்தப் பாதை நெடுக புதுசா எது கட்டுனாலும் நாலு முனையும் இறுக்கிக் கட்டிருக்கான்னு போயி பாக்குறாங்க, விசேஷம் முடிஞ்சதும் வீட்டுக்காரங்ககிட்ட கேட்டு இறக்கிடுறாங்க. யாரும் அவங்களச் சொல்லல, காசும் வாங்கல.

அந்தப் பக்கம் இருக்குறவங்ககிட்ட ஒரு உதவி மட்டும் கேட்டுக்குறேன். காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழான்னு வேட்டு போடுறதா இருந்தா லாயத்துல ஒரு வார்த்தை சொல்லிருங்க, கேட்டுல மாஸ்டர் நம்பர் எழுதியிருக்கு. ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி சொன்னாலே போதும், குதிரைகள உள்ள கட்டி கொள்ளு வச்சுருவாரு.