அறுவை அரங்கில் பயிற்சி மருத்துவருக்கு என்ன வேலை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எம்.பி.பி.எஸ். படிப்பின் இறுதியில் வரும் ஓராண்டுக் கட்டாயப் பயிற்சியில், தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, பொது அறுவைச் சிகிச்சைத் துறைக்குக் கிடைப்பது ஆறு வாரங்கள்தாம். அரசு மருத்துவமனை ஒன்றில் அண்மையில் அதை முடித்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

அந்த வாரங்களின் பெரும்பகுதி ரத்த மாதிரிகளை ஆய்வகத்தில் சேர்ப்பதிலும், ஸ்கேனுக்குத் தேதி வாங்குவதிலும், டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவதிலுமே கழிந்தது. அரங்குக்குள் நுழைந்த நாள்களிலும் கிருமி நீக்கிய அங்கியும் கையுறையும் அணிந்து, அறுத்த இடத்தை விலக்கிப் பிடிக்கும் கருவியான ரிட்ராக்டரைப் பிடித்தபடி நிற்பதோடு சரி. ஆனால் குடலிறக்க அறுவையொன்றின்போது பேராசிரியர் சற்றே நிறுத்தி, கவட்டையின் தசை அடுக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டியபோது, பாடநூலில் பல முறை படித்தும் பிடிபடாத உடற்கூறு சட்டென்று விளங்கியது. தையல் போடக் கற்றதோ, இரவுப் பணியில் இருந்த முதுநிலை மாணவி ஒருவரின் பொறுமையால். (அவருக்கும் உறக்கம் இல்லைதான்.)

முதுநிலை நீட் தேர்வுக் கவலையில் மாணவர்களே அரங்கைத் தவிர்ப்பதும் உண்டு, மறுப்பதற்கில்லை. எனினும், மாதிரிகளைச் சுமக்கப் போதிய பணியாளர்களை நியமித்து, திறன் பயிற்சிக் கூடத்தில் முடிச்சும் தையலும் பழகிய பின்னரே பயிற்சி மருத்துவரை அரங்குக்கு அனுப்பி, அவர் செய்ததை நேரில் கண்டவர் மட்டுமே அவரது பயிற்சிப் பதிவேட்டில் கையொப்பமிடும் முறையை அரசு கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத பயிற்சி மருத்துவர்